பகல்ல தூங்கணும், கோளாம்பி (கூம்பு ஒலிபெருக்கி) விடமாட்டேங்குது: எந்த இயர் பிளக் நல்லது?

#1 பறக்கை வயல்

மக்களே, ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. காலையில 9 மணியிலிருந்து மத்தியானம் 3 மணி வரைதான் தூக்கம். வீடு நாகர்கோவில் டவுனுக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி. தொல்லை மூணு வகை: பஸ் ஹாரன், கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ வந்தா கோளாம்பியும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸும், மழைக்காலத்துல பின்பக்கத் தகரத்துல விழுற சத்தம். ஒருச்சாய்ச்சுப் படுத்தாத்தான் தூக்கம் வரும். வலது காதுத் துவாரம் சின்னது. மருந்துக்கடையில கேட்டா பஞ்சை எடுத்து நீட்டுறாங்க. ஆன்லைன்ல பாத்தா 29, 33, 37ன்னு ஆளுக்கொரு நம்பர். ஃபோம், பிசையுற சிலிக்கான், தட்டுத்தட்டா இருக்கிற ரப்பர், இதுல எதை வாங்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ஆடியோகிராம்

முதல்ல அந்த நம்பரைப் பாத்துருவோம். அது தெரியாம வாங்கினா காசுதான் போகும்.

பிளக் எத்தனை டெசிபல் (சத்தத்தோட அளவு) குறைக்கும்னு டப்பாவுல ரெண்டு வகை நம்பர் வரும். என்.ஆர்.ஆர் அமெரிக்க அளவு, எஸ்.என்.ஆர் ஐரோப்பிய அளவு. சோதிக்கிற முறையும் கணக்கும் வேற வேற. த்ரீஎம் 1100ன்னு ஆரஞ்சு நிறத்துல கூம்பு மாதிரி ஒரு ஃபோம் இருக்கு. அதுக்கு என்.ஆர்.ஆர் 29, எஸ்.என்.ஆர் 37. அதே கம்பெனியோட மஞ்சள் உருளை, இ-ஏ-ஆர் கிளாசிக், என்.ஆர்.ஆர் 29, எஸ்.என்.ஆர் 28. அமெரிக்கக் கணக்குல ரெண்டும் சமம், ஐரோப்பியக் கணக்குல 9 டெசிபல் வித்தியாசம். அதனால ஒரு டப்பாவோட 37ஐ இன்னொரு டப்பாவோட 33ஓட ஒப்பிடவே கூடாது. என்.ஆர்.ஆரை என்.ஆர்.ஆரோட மட்டும் பாருங்க. ஹோவர்ட் லைட் மேக்ஸ் 33, அதே கம்பெனி லேசர் லைட் 32, மேக்ஸ் லைட் 30. பிசையுற சிலிக்கான் இதை விடக் கம்மி.

அடுத்தது, அந்த நம்பர் சோதனைக்கூடத்துல பக்கத்துல ஆள் நின்னு சரியா வைக்கச் சொல்லி எடுத்தது. வீட்டுல வைக்கிறவங்களுக்கு அவ்வளவு கிடைக்காது. தொழிற்சாலைப் பாதுகாப்புல ஒரு கணக்கு போடுவாங்க: என்.ஆர்.ஆர்ல 7ஐக் கழிச்சு மீதியைப் பாதியாக்கு. 33ன்னு போட்டது 13 ஆயிரும். இது மோசமா வைக்கிற ஆளையும் சேத்துப் பாதுகாக்கிறதுக்கான கணக்கு. நல்லா உள்ள இறக்கி வைக்கிறவருக்கு 25க்கு மேலயும் கிடைக்கும். அதாவது 33 போட்ட பிளக்கை அரைகுறையா வைக்கிறவரை விட 29 போட்டதை ஒழுங்கா வைக்கிறவர் நிம்மதியாத் தூங்குவார்.

10 டெசிபல் குறைஞ்சா காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாத் தோணும். படுக்கையறையில தொடர் சத்தம் 30 டெசிபல், திடீர்ச் சத்தம் 45 டெசிபலுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 1999ல சொன்னது. ரோட்டோர அறையில 65, 70ன்னு வரும். அதை 40 பக்கம் இறக்குறதுதான் பிளக்கோட வேலை. முழு நிசப்தம் எந்தப் பிளக்காலயும் வராது. மண்டையோட்டு எலும்பு வழியாவும் சத்தம் உள்காதுக்குப் போகும், அந்த வழியை அடைக்க முடியாது. பிளக்குக்கு மேல இயர் மஃபும் (தலையில மாட்டுற காதுமூடி) போட்டாலும் ரெண்டையும் கூட்டின அளவு கிடைக்காது, பெரியதுக்கு மேல ஒரு 5 டெசிபல்தான்.

பஞ்சை மறந்துருங்க. காத்து போற அளவு ஓட்டை உள்ள பொருள் எதுவும் சத்தத்தைப் பெருசாத் தடுக்காது. நூல் பிரிஞ்சு உள்ள தங்கும், அது வேற தொல்லை.

#3 மார்த்தாண்டம் சவுண்ட்

ஆடியோகிராம் சொன்னது சரி. ஆனா எந்தச் சத்தம்னு பாக்காம பிளக் தேர்ந்தெடுக்கக் கூடாது. எங்க தொழில் பக்கமிருந்து சொல்றேன்.

கோளாம்பிக்கு அடிஸ்தாயி (பேஸ்) கிடையாது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ அது பாடாது. மனுசக் குரலும், நாதஸ்வரமும், மார்கழி காலையில போடுற பாட்டும் அதுல கிழிச்சுக்கிட்டு வர்றது நடு ஸ்தாயியில. அந்த இடத்துலதான் இயர் பிளக் எல்லாமே நல்லா வேலை செய்யும். பஸ் ஏர் ஹாரனும் அப்படித்தான். தகரத்துல விழுற மழை எல்லா ஸ்தாயியிலயும் பரவின சத்தம், மேல் பக்கம் கூடுதல். பிளக் போட்டா அது வெறும் இரைச்சலாத் தணிஞ்சிரும், பெரும்பாலானவங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்காது.

பாக்ஸ் வேற கதை. 18 இஞ்ச் பேஸ் ஸ்பீக்கர் 40லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை இடிக்கும். 60 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 5.7 மீட்டர். அது சுவரைச் சட்டை பண்ணாது. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, கட்டில் எல்லாத்தையும் ஆட்டிக்கிட்டு உடம்பு வழியாவே உள்ள வரும். பிளக் வச்சதும் பாட்டு போயிரும், இடி மட்டும் தனியா நிக்கும். இதைப் பாத்துட்டு பிளக் மோசம்னு தூக்கி எறியுறவங்க நிறைய. பிளக் மேல தப்பில்ல. அடிஸ்தாயிக்கு ஃபோமை ஆழமா இறக்குறது மட்டுமே கொஞ்சம் கைகொடுக்கும். பிசையுற சிலிக்கான் அங்க பின்தங்கும்.

செண்டை மேளத்துல அடி விழுற நொடி கூர்மையா இருக்கும், அந்தக் கூரைப் பிளக் மழுக்கிரும். கதினா வெடிக்கு (கோயில்ல போடுற பெரிய வெடி) எந்தப் பிளக் போட்டாலும் திடுக்குன்னு முழிப்பு வரத்தான் செய்யும். காதுக்குப் போற அளவு குறையும், தூக்கத்துக்கு உத்தரவாதம் இல்ல.

பிளக் வாங்குறதுக்கு முன்னால ஜன்னலைப் பாருங்க. சுவர்ப் பரப்புல நூத்துல ஒரு பங்கு இடைவெளி திறந்து கிடந்தாலே அந்தச் சுவர் 20 டெசிபலுக்கு மேல தடுக்காது, எவ்வளவு கனமாக் கட்டியிருந்தாலும். கதவுக்கடியில விரல் நுழையுற சந்து, ஏசி பைப் போற ஓட்டை, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல வெடிப்பு, இதை அடைச்சாலே கோளாம்பி பாதி தணியும். பழைய ஓட்டு வீடுன்னா கழுக்கோலுக்கும் (கூரையைத் தாங்குற சட்டம்) சுவர்மட்டத்துக்கும் நடுவுல சுத்தி வரத் திறப்புதான். அங்க ஜன்னலை அடைச்சு பிரயோசனம் இல்ல, பிளக்கைத்தான் நம்பணும். ஜன்னல் கண்ணாடி பேஸுக்கு கடகடன்னு ஆடினா, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மடிச்ச காகிதத்தைச் செருகுங்க. அந்தக் கடகடப்புதான் பாதி நேரம் ஆளை எழுப்புறது.

#4 ஆரல் சேஃப்டி

ஃபோமைப் பத்தி நான் எழுதுறேன். ஃபேக்டரியில இதை ஆளுகளுக்குச் சொல்லிக்குடுக்கிறதுதான் வேலை. பத்துல ஏழு பேரு தப்பாத்தான் வைப்பாங்கன்னு வச்சுக்கிட்டே பாடத்தை ஆரம்பிக்கணும்.

ஃபோம்ல ரெண்டு சாதி. மஞ்சள் உருளை பி.வி.சி. கொஞ்சம் விறைப்பு, மெதுவாத்தான் விரியும், ஈரத்துக்கு அவ்வளவு அசையாது. மணி மாதிரியோ கூம்பு மாதிரியோ வழவழன்னு வர்றது பாலியுரித்தேன். மெத்துன்னு இருக்கும், ஒருச்சாய்ச்சுப் படுக்கத் தோது. ஆனா சூட்டுக்கும் ஈரக்காத்துக்கும் சீக்கிரம் விரிஞ்சிரும். இங்கதான் நம்ம ஊர்ல எல்லாரும் தோக்குறது. டப்பாவுல போட்ட படத்தைப் பாத்து நிதானமா உருட்டி, காதைத் தேடிக் கொண்டுபோறதுக்குள்ள அது பாதி விரிஞ்சு கெடக்கும். விரிஞ்சதை அமுக்குனா நுனி மடங்கி வாசல்லயே நிக்கும்.

செய்யவேண்டியது இது. கையைக் கழுவி நல்லாத் துடைங்க, எண்ணெய்க் கையோட தொடக்கூடாது. ஃபேனுக்கடியில உக்காந்து ரெண்டு நிமிசம் வேர்வை அடங்கவிடுங்க. பிளக்கோட உருண்டை நுனியைக் கட்டைவிரலுக்கும் ரெண்டு விரலுக்கும் நடுவுல வச்சு முதல்ல லேசா, பிறகு அழுத்தி உருட்டுங்க. நசுக்கக்கூடாது, உருட்டணும். நசுக்கினா நீளவாக்குல ஒரு மடிப்பு விழும், விரிஞ்ச பிறகும் அந்த மடிப்பு வழியா சத்தம் ஒழுகும். ஈர்க்குச்சி கனத்துக்கு மடிப்பில்லாத உருளையா வரணும்.

வலது காதுக்கு வலது கையில பிளக். இடது கையைத் தலைக்குப் பின்னால சுத்தி வந்து வலது காதோட மேல்நுனியைப் பிடிச்சு மேலயும் பின்னாலயும் இழுங்க. காதுத் துவாரம் நேர்க்குழாய் இல்ல, வளைவு உண்டு. இழுத்தாத்தான் நேராகும். இதைச் செய்யாம விட்டதுதான் பெரும்பாலான புகாருக்குக் காரணம். உடனே உள்ள தள்ளி விரல்நுனியால அசையாமப் பிடிங்க, 30 விநாடி. ஏசி போட்ட அறையில ஃபோம் மெதுவா விரியும், அங்க ஒரு நிமிசம் பிடிக்கணும். உருட்டினதுக்கும் உள்ள போறதுக்கும் நடுவுல நாலஞ்சு விநாடிக்கு மேல போகக்கூடாது. சீக்கிரம் விரியுதுன்னு ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்லி ஒரு யோசனை சுத்துது, செய்யாதீங்க. வெளிய எடுத்ததும் நம்ம காத்துக்கு அது மேல ஈரம் கட்டிரும்.

சரியா இருக்கான்னு பாக்க மூணு வழி. கண்ணாடியில நேரா முகம் பாத்தா காதுக்கு வெளிய பிளக் நீட்டிக்கிட்டுத் தெரியக்கூடாது. வாயை மூடி 'ம்ம்'னு முனகினா உங்க குரல் ரெண்டு காதுலயும் ஒரே அளவு கனமாக் கேக்கணும், ஒரு பக்கம் மெலிஞ்சா அந்தப் பக்கம் ஒழுகுது. கடைசியா, ஃபேன் சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கும்போது ரெண்டு உள்ளங்கையாலயும் காதை அழுத்தி மூடி எடுங்க. மூடும்போது சத்தம் நல்லாக் குறைஞ்சா பிளக் சரியா உக்காரல. வித்தியாசம் தெரியலைன்னா நல்லா உக்காந்திருக்கு.

எடுக்கும்போது வெடுக்குன்னு இழுக்காதீங்க. உள்ள காத்து அடைபட்டிருக்கும், செவிப்பறையை இழுக்கும். லேசாத் திருகி, காத்து உள்ள போக வழிவிட்டு மெதுவா எடுங்க.

#5 மருந்தாளுநர் தக்கலை

வயல் அக்கா, உங்க வலது காது சின்னதுன்னு சொன்னது முக்கியம். 33ன்னு போட்ட மேக்ஸ் சின்னத் துவாரத்துல விரியுற அழுத்தம் கூடுதல். ஒரு மணி நேரத்துல வலிக்க ஆரம்பிக்கும், தூக்கத்துல தானாக் கை போய்ப் பிடுங்கிரும். மேக்ஸ் லைட் அல்லது லேசர் லைட் அழுத்தம் குறைஞ்சது. மஞ்சள் உருளையிலயும் சின்ன சைஸ் தனியா உண்டு, 'ஸ்மால்'னு போட்டிருக்கும். ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான் வைக்கணும்னு சட்டம் ஒண்ணும் கிடையாது. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு வைக்கலாம்.

இனி பிசையுற சிலிக்கான். மேக்ஸ்ங்கிற பேர்ல ரெண்டு கம்பெனிச் சரக்கு இருக்கிறதால குழம்பாதீங்க: ஹோவர்ட் லைட் மேக்ஸ் ஃபோம், மேக்ஸ் பில்லோ சாஃப்ட் சிலிக்கான். 1962லேருந்து அமெரிக்காவுல வர்ற சரக்கு அது. இதைத் துவாரத்துக்குள்ள விடவே கூடாது. காதும் சுத்துப்புறமும் காய்ஞ்சிருக்கணும். ஒரு கட்டியை உருண்டையாப் பிசைஞ்சு, வாசலை மூடி வச்சு, ஓரத்தைப் பணியாரம் தட்டுற மாதிரி காதுக் குழிக்குள்ள விரிச்சு ஒட்டணும். வாசலுக்கு மூடி, அவ்வளவுதான். உள்ள அழுத்தினா எடுக்கும்போது துண்டு உள்ள தங்கும், எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

ஒருச்சாய்ச்சுப் படுக்கிறவங்களுக்கும் துவாரம் சின்னவங்களுக்கும் இதுதான் சுகம். உள்ள அழுத்தம் இல்ல, தலையணையில குத்தாது. குறை ரெண்டு. தடுக்கிற அளவு ஃபோமை விடக் கம்மி. தலைக்குத் தேங்காயெண்ணெய் வச்சுப் படுத்தா ஒட்டவே ஒட்டாது, ராத்திரியில நழுவி முடியில போய் ஒட்டிக்கும். எண்ணெய் வைக்கிறவங்க காதைச் சுத்தி சோப்புத் தண்ணி தொட்ட துணியால துடைச்சு, காய்ஞ்ச பிறகு வைங்க. நாலஞ்சு தடவை வச்ச பிறகு தூசும் முடியும் ஏறி ஒட்டுற சக்தி போயிரும், கழுவினாலும் திரும்ப வராது, மாத்திரணும்.

மெழுகுப் பிளக்கும் உண்டு. ஜெர்மனியில மாக்ஸ் நெக்வர் 1907ல கொண்டுவந்த ஓரோபாக்ஸ் அந்த வகைதான், மெழுகும் பஞ்சும் கலந்தது. கையில பிசைஞ்சா இளகும், காதோட வடிவத்துக்குப் படியும். குளிர் நாட்டுக்கு அருமையான சரக்கு. மார்ச், ஏப்ரல்ல நம்ம அறைச் சூட்டுல அது ஏற்கெனவே இளகித்தான் இருக்கும், பிசுபிசுப்பு தலையணை உறை வரைக்கும் வரும். ஏசி இல்லாத வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

#6 குளச்சல் கடப்புறம்

தட்டுத்தட்டா இருக்கிறதைப் பத்தி யாரும் எழுதல. ராத்திரி கடலுக்குப் போயிட்டு வந்து பகல்ல தூங்குறவங்களுக்கு இங்க அதுதான் அதிகம் ஓடுது. மூணு தட்டு வச்ச ரப்பர், த்ரீஎம் அல்ட்ராஃபிட் மாதிரி, என்.ஆர்.ஆர் 25. உருட்ட வேண்டாம், காத்திருக்க வேண்டாம். காதை மேல இழுத்து, திருகித் திருகி உள்ள விட்டா ரெண்டு தட்டாவது உள்ள போய் அடைக்கணும். உப்பும் வேர்வையும் பிடிச்சாலும் சோப்புத் தண்ணியில கழுவி உலத்தினா போதும், மாசக்கணக்குல வரும். ஃபோமைக் கழுவ முடியாது.

கஷ்டம் என்னன்னா பின்னால நீட்டிக்கிட்டு இருக்கிற காம்பு. ஒருச்சாய்ச்சுப் படுத்தா தலையணை அதை உள்ள தள்ளும், காது வலிக்கும். மல்லாந்து படுக்கிறவங்களுக்கு மட்டும் இது. கயிறு வச்சது வாங்கினா தூங்குறதுக்கு முன்னால கயிறைக் கழட்டிருங்க, கழுத்துல சுத்தும்.

லூப் மாதிரி வளையம் வச்ச சிலிக்கான் பிளக் காதுக்குள்ளயே அடங்கும், தலையணையில இடிக்கிறது குறைவு, நாலு சைஸ் முனை கூடவே வரும். ஆனா ஃபோம் அளவுக்கு அடைக்காது. விலை ஃபோமை விட எத்தனையோ மடங்கு. ரோட்டுச் சத்தம் நடுத்தரம்னா போதும், பாக்ஸ் கட்டின தெருவுக்குப் பத்தாது.

#7 கீரிப்பாறை ரப்பர்

ஒரு கேள்வி. ரப்பர் பால்வெட்டுக்கு வெளுப்புக்கு முன்னாலயே எழும்பணும், அதனால 8 மணிக்கே படுக்கணும். அந்த நேரம் பக்கத்து வீட்டு டிவி. பிளக் வச்சா அலாரம் கேக்காதே? அப்புறம் பச்சப்பிள்ளை இருக்கிற வீடு. பிள்ளை அழுதா?

#8 ஆடியோகிராம்

அலாரத்துக்கு ரெண்டு வழி. போனை வைப்ரேஷன்ல போட்டு தலையணை உறைக்குள்ள, தலைக்கு நேர் கீழ வைங்க. மெத்தைக்கடியில வச்சா அதிர்வு மெத்தையிலயே அடங்கிரும். இல்லைன்னா கையில கட்டுற அதிர்வு வாட்ச், அதுதான் நிச்சயம். சத்த அலாரம்தான் வேணும்னா 'பீப்' மாதிரிக் கூர் ஒலியைத் தவிர்த்து, தாழ்ந்த ஸ்தாயியில வர்ற ஒலியைத் தேர்ந்தெடுங்க. மேல்ஸ்தாயியைத்தான் பிளக் நல்லா விழுங்கும்.

பிள்ளை இருக்கிற வீட்டுல ராத்திரிப் பொறுப்பு யாருக்குன்னு பேசி வச்சுக்கிட்டு, அந்த ஆள் பிளக் வைக்காதீங்க. ஒருத்தர்தான் இருக்கீங்கன்னா ஒரு காதுல மட்டும் வச்சு, வைக்காத காது மேல பாக்கப் படுங்க. குழந்தை அழுகை மேல்ஸ்தாயி, ரெண்டு பக்கமும் ஃபோம் ஆழமா இருந்தா பக்கத்து அறையிலிருந்து வர்றது தெரியாமப் போக வாய்ப்பு அதிகம். சின்னப் பிள்ளைங்க காதுல எந்தப் பிளக்கும் வைக்காதீங்க, சிலிக்கான் துண்டு வாய்க்குப் போகும், தொண்டையில அடைக்கும்.

புயல் எச்சரிக்கை இருக்கிற ராத்திரி, கரையோர வீடுன்னா பிளக்கே வேண்டாம். ஒலிபெருக்கியில சொல்றது காதுல விழணும். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்த மாவட்டம் இது.

#9 வேளிமலை

நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் வச்சா பாக்ஸ் இடியும் போயிருமே? பேஸைத்தான் அது அடக்கும்னு சொல்றாங்க.

#10 மார்த்தாண்டம் சவுண்ட்

பாதி சரி. அந்த இயர்பட்ஸ் மைக்ல சத்தத்தை எடுத்து எதிர் அலை போடும். தாழ்ந்த ஸ்தாயியில, ஒரே சீரா ஓடுற சத்தத்துக்கு நல்லா வேலை செய்யும்: ஜெனரேட்டர், ஏசி, பஸ்ஸுக்குள்ள என்ஜின் உறுமல். ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேல அதால எதிர் அலை பிடிக்க முடியாது, அங்க வெறும் ரப்பர் முனைதான் தடுப்பு. அந்த முனை ஃபோம் அளவு அடைக்காது. ஆக, ஹாரனும் கோளாம்பியும் உள்ள வரும். பேஸ்ல காது வழி வர்றது குறையும், உடம்பு வழி வர்றது அப்படியே இருக்கும்.

தூங்குறதுக்கு வேற கஷ்டமும் உண்டு. கனம், ஒருச்சாய்ச்சாக் குத்தும், ஆறு மணி நேரத்துல பேட்டரி இறங்கும், இறங்கினதும் சத்தம் திடீர்னு ஏறி முழிப்பு வரும். படுத்த பக்கத்துல தலையணை மைக்கை மூடினா சில செட்டுல கூவல் வரும். பஸ்ல, ரயில்ல உக்காந்து தூங்க நல்லது. கட்டிலுக்கு ஃபோம்தான் என் ஓட்டு.

குறட்டையும் சொல்லிருதேன், யாராவது கேக்கத்தான் போறீங்க. குறட்டையோட அடிக்கட்டு தாழ்ந்த ஸ்தாயி, அதுக்கு மேல கரகரப்பு. பிளக் கரகரப்பை எடுத்துரும், உறுமல் கொஞ்சம் நிக்கும். ஆழமா வச்ச ஃபோமோட ஃபேன் சத்தமும் சேந்தா அநேகமா அடங்கும். குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு திணறி எழும்புறாங்கன்னா, பக்கத்துல படுக்கிறவங்க பிளக் வச்சு முடிக்கிற விஷயம் இல்ல, குறட்டை விடுறவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

#11 மருந்தாளுநர் தக்கலை

ஃபேன் சொன்னது நல்ல விஷயம். பிளக் தனியா வச்சா பக்கத்துல எல்லாம் அமைதியாகி, மிஞ்சி வர்ற ஒரு ஹாரன் பெருசாத் தெரியும். ஃபேனை மூணுலயோ நாலுலயோ ஓடவிட்டா அந்தச் சீரான இரைச்சல் மேடு பள்ளத்தை நிரப்பும். காதுல ஏற்கெனவே 'ஙொய்ங்' சத்தம் உள்ளவங்களுக்கு பிளக் வச்சா அது இன்னும் தூக்கலாக் கேக்கும். அவங்களுக்கு ஃபேன் முதல், பிளக் ரெண்டாவது.

இனி நம்ம சீதோஷ்ணத்துக்கான எச்சரிக்கை. எட்டு மணி நேரம் அடைச்ச காதுல வேர்வை தங்கும். ஈரமும் சூடும் சேந்தா காதுல பூஞ்சை பிடிக்கிறது இந்தக் கரைப் பக்கம் சர்வ சாதாரணம். ஆத்துலயோ குளத்துலயோ முங்கிக் குளிச்சிட்டு வந்த உடனே பிளக் வைக்காதீங்க. தலையைச் சாய்ச்சு தண்ணியை வடியவிட்டு, துண்டு நுனியால வெளிப்பக்கம் மட்டும் துடைச்சு, ஒரு மணி நேரமாவது காயவிடுங்க. பட்ஸ் விட்டு நோண்டினா காது மெழுகு (குறும்பி) உள்ள போய் இறுகும், மறுநாள் பிளக் அதை இன்னும் தள்ளும். காதுல எண்ணெய் காய்ச்சி விடுற பழக்கம் உள்ளவங்க அதை நிறுத்துங்க. எண்ணெய் ஊறின ஃபோம் விரியாது, பூஞ்சைக்கும் அது தீனி.

சீழ், வலி, அரிப்பு, செவிப்பறையில ஓட்டை, சமீபத்துல காது ஆபரேஷன், இதுல எது இருந்தாலும் டாக்டர் சொல்லாம எந்தப் பிளக்கும் வேண்டாம். சர்க்கரை உள்ளவங்க காது வலியை ரெண்டு நாள் பாப்போம்னு விடாதீங்க. பிளக் வச்சு வச்சு ஒரு காது மந்தமாயிட்டா அநேகமா மெழுகு அடைப்புதான், சொட்டு மருந்துல இளக்கி எடுக்கலாம், ஆனா பாத்துச் சொல்ல வேண்டியது காது டாக்டர். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு.

ஃபோம் எத்தனை நாள்னு கேப்பீங்க. ஒரு தடவைக்குன்னு செய்ததுதான் அது. வீட்டுல மூணு நாலு தடவை வைக்கிறது நடைமுறை. உருட்டி விட்டா ஒரு நிமிசத்துல பழைய உருவத்துக்கு வரல, நுனி இறுகிருச்சு, நிறம் மங்கிருச்சு, இதுல ஒண்ணு தெரிஞ்சா தூக்கிப் போடுங்க. ஜோடியா வாங்குறதை விட நூறு, இருநூறு ஜோடி டப்பாவா வாங்கினா ரொம்ப மலிவு, ஃபேக்டரிப் பாதுகாப்புச் சாமான் விக்கிற கடையில கேளுங்க. பயன்படுத்தினதை இறுக்கமான டப்பியில ஈரத்தோட பூட்டி வைக்காதீங்க, ஓட்டை உள்ள டப்பியில வைங்க. மாத்திரை டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூடப் போட்டு வச்சா ஐப்பசி மழையிலயும் உலர்ந்து இருக்கும்.

#12 ஆரல் சேஃப்டி

சத்தம் போடுற பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லணும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, திருவிழாவுக்குன்னு அரசு வருஷத்துல 15 நாளுக்கு மேல போகாம, நடுராத்திரி 12 வரை தளர்த்தலாம், அதுக்கு மேல கிடையாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகல்ல 55, ராத்திரியில 45 டெசிபல். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்க 50, 40. கமிட்டிக்காரங்க நம்ம ஆளுகதான், முதல்ல நேர்ல போய் 'அண்ணாச்சி, அந்த ஒரு கோளாம்பியை மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பி வைங்க'ன்னு கேளுங்க. கோளாம்பி நேர் திசையில அடிக்கிற அளவு பக்கவாட்டுல அடிக்காது, திருப்பினாலே வித்தியாசம் தெரியும். நடக்கலைன்னா 112.

#13 பறக்கை வயல்

எல்லாருக்கும் நன்றி. மேக்ஸ் லைட் ஒரு டப்பா, பில்லோ சாஃப்ட் ஒரு டப்பா, ரெண்டும் ஆர்டர் போட்டிருக்கேன். இன்னும் ஒண்ணு. ஃபோம் வச்சிருக்கிற ஒரு தோழி சொன்னா, படுக்கும்போது நல்லா இருக்கு, முழிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தலையணையில கெடக்குன்னு. ஏன்? அப்புறம் வெளிய நீட்டுறதை வெட்டலாமா?

#14 ஆரல் சேஃப்டி

ஒரு பக்கம் மட்டும் கழண்டா காரணம் மூணுல ஒண்ணு. வாய் அசைவு: தாடை மூட்டு காதுத் துவாரத்துக்கு முன்சுவரை ஒட்டி இருக்கு. பல்லைக் கடிக்கும்போதும் கொட்டாவி விடும்போதும் துவாரத்தோட வடிவம் மாறும், அரைகுறையா இருக்கிற பிளக்கைக் கொஞ்சங்கொஞ்சமா வெளிய தள்ளிரும். முக்கால்வாசி உள்ள போனா தள்ளாது. அடுத்தது சைஸ்: துவாரம் சின்ன பக்கத்துல பெரிய ஃபோம் முழுசா இறங்காது, வாசல்லயே நின்னு விரியும். மூணாவது, படுத்த பக்கத்துல தலையணை காதை மடக்கி இழுக்கிறது. அதுக்கு சுருட்டின துண்டைக் காதைச் சுத்தி வளையமா வச்சு, காது காத்துல நிக்கிற மாதிரிப் படுக்கச் சொல்லுங்க.

வெட்டலாம், தூக்கத்துக்கு மட்டும். ஃபேக்டரிச் சத்தத்துக்கு வெட்டினது கூடாது. முதல்ல முழுப் பிளக்கை வச்சு, வெளிய எவ்வளவு நீட்டுதுன்னு பேனாவுல கோடு போட்டு எடுங்க. உருண்டை நுனிப் பக்கம் தொடவே கூடாது, அகலமான அடிப்பக்கத்துல 3, 4 மில்லிமீட்டர் மட்டும் கூர்மையான கத்தரியால ஒரே வெட்டா வெட்டுங்க. பிசிறு இருந்தா துகள் காதுக்குள்ள உதிரும். ரெண்டு விரல்ல பிடிச்சு எடுக்க முடியுற அளவு கட்டாயம் மிச்சம் இருக்கணும். பிடி கிடைக்கலைன்னா அளவு தாண்டி வெட்டிட்டீங்க, அந்த ஜோடியைப் போட்டுட்டு புதுசு எடுங்க. ஊக்கையோ ஹேர்பின்னையோ விட்டு நோண்டக் கூடாது.